ஆளை வைத்து நிரப்பிய கடை

வேலையை விட்டுவிட்டு என் மகள் ராஜகீழ்ப்பாக்கத்தில் டிபன் கடை திறந்தாள். எதிரே பழைய ஓட்டல். அங்கே எப்போதும் கூட்டம். எங்கள் கடையில் ஈ காக்கை இல்லை. காலியான கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்று என் மனைவி சொன்னதால், ஞாயிறு காலை பெருங்களத்தூர் உறவினர்களை வரவழைத்து எல்லா மேசைகளிலும் உட்கார வைத்தேன்.

"மாமா, இன்னொரு பொங்கல் சொல்லட்டா? கூட்டம் காட்டணுமே!" என்று சிரித்தான் மச்சினன்.

அந்த நேரம் பார்த்து, குழந்தைகளோடு ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது.

"எடமே இல்ல மே, ஃபுல்லா கீது. எதிர்லயே போலாம் வா," என்றார் அந்த ஆள் தன் மனைவியிடம்.

"சார், இடம் இருக்கு, வாங்க சார்!" என்று சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அவர்கள் சாலையைக் கடந்துவிட்டார்கள்.

"அப்பா, ப்ளீஸ், எல்லாரையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுங்க." மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உறவினர்கள் பாதி தோசையோடு எழுந்தார்கள். எதிர் ஓட்டலிலும் இடமில்லை. அந்தக் குடும்பம், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. காலியாகிவிட்ட எங்கள் கடை வாசலிலிருந்து அவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை.