இலை நறுக்குகிறவனுக்கு ஏது லீவு?

அரபு ஓட்டலில் சாலட் போடுகிறவனுக்கு மரியாதை இரண்டே சமயத்தில்தான் கிடைக்கும்: எலுமிச்சை தீர்ந்துபோனால் ஒன்று, அவன் லீவு கேட்டால் இன்னொன்று. மற்ற நாளெல்லாம் அவன் வெறும் இலை நறுக்குகிறவன். பஹ்ரைன் குதைபியாவோ, ரியாத் பத்தாவோ, குவைத் அப்பாசியாவோ, எந்த ஊர் ஓட்டலில் கத்தி பிடித்து நிற்கிறவராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு 'ஆமாம்பா' என்றுதான் சொல்வீர்கள்.

எனக்கு வாய்த்தது குதைபியாவில் ஒரு லெபனான் வகை ஓட்டல். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. மகள் ஷைனிக்கு மே மாதம் கோயிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அவள் பிறந்தபோது நான் டூட்டியில் இருந்தேன், ஞானஸ்நானத்தன்றும் டூட்டிதான். வீடியோ காலில் தலையைக் காட்டியே இத்தனை நாள் அப்பனாக இருந்தாச்சு. இந்த ஒரு நாளாவது பக்கத்தில் நிற்கவேண்டும் என்று முடிவு பண்ணினேன். அந்த லீவு என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கோட்டு

எங்கள் கிச்சனில் அடுப்பு வைத்திருக்கிறவன்தான் சமையல்காரன். கிரில்லில் கறியைப் புரட்டுகிறவர்களுக்கு வெள்ளை ஷெஃப் கோட்டு உண்டு. அடுப்பில்லாத எனக்கு ஒரு டீ சர்ட்டும் ஏப்ரனும். தபூலே சாலட்டுக்குப் பார்ஸ்லி இலையைக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, முடி மாதிரி நறுக்கவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் இலை நசுங்கிக் கறுத்துப்போகும். இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது? கறி கருகினால் 'கிரில் வாசனை' என்று சப்புக்கொட்டுவார்கள், கீரை வாடினால் என் தலையை உருட்டுவார்கள்.

ஒருநாள் மேனேஜர் பஷீர் பாயிடம் எனக்கும் ஒரு கோட்டு கேட்டேன். ராமநாதபுரம் கடற்கரைக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். இலை நறுக்குறதுக்கு எதுக்குப்பா கோட்டு என்று சிரித்தார். சரி, அவ்வளவு லேசான வேலை என்றால் மே மாதம் லீவு தாருங்கள், மகளுக்குப் புதுநன்மை என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "நீ போயிட்டா சாலட் யாரு போடுறது அந்தோணி? ஓட்டலை இழுத்து மூடவா?"

ஓசித் தட்டு

கிரில் வாங்கினால் ஒரு தட்டுப் பச்சைக் காய்கறி இலவசம் என்பது இங்கே வழக்கம். முழு வெள்ளரிக்காய், முள்ளங்கி, லெட்யூஸ், ஒரு பிடி புதினா, கூடவே ஜர்ஜீர் கீரை. அரபிக்காரன் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி, கறியோடு சேர்த்து ரசித்து மெல்லுவான். நம்ம ஆட்கள் வந்தால்தான் எனக்கு எரிச்சல் கிளம்பும்.

ஒரு குடும்பம் வந்தது. நான்கு பேருக்கு ஒரே ஒரு கொண்டைக்கடலை ஹம்மூஸ், குபூஸ் ரொட்டி மட்டும் கூடை கூடையாக. கிரில்லுக்குத்தான் இந்தத் தட்டு என்று சொல்லியனுப்பிப் பார்த்தேன், கேட்டால்தானே! இரண்டு தட்டு காலியானது. மூன்றாவது தட்டைக் கேட்டபோது அந்த அண்ணாச்சி என்னையே கூப்பிட்டனுப்பினார். பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆள். இதைப் போய் எப்படிப் பச்சையாய்த் தின்பது, நீங்களும் நம்ம ஊர்தானே என்று உரிமையோடு ஆரம்பித்தார். பாராட்டப்போகிறார் என்று நம்பி நின்ற என்னைச் சொல்லவேண்டும். "எல்லாத்தையும் பொடிசா அரிஞ்சு, தயிரை ஊத்தி, லேசா கடுகு தாளிச்சுக் கொண்டாங்க தம்பி, சும்மா தர்றதைத் திருத்தமாத் தரலாம்லா?"

நோன்பு நாளில் ஃபத்தூஷ்

லீவுப் பேச்சை இரண்டாவது முறை எடுத்தபோது ரமலான் வந்துவிட்டது. நோன்பு முடியட்டும், பார்க்கலாம் என்றார் பாய். சரி, இந்த மாதம் அவர் மனசு கோணாமல் நடந்தால் டிக்கெட் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க ஃபத்தூஷ் சாலட்தான் ராஜா. வெள்ளரி, தக்காளி, முள்ளங்கியோடு பருப்புக்கீரையும் சேரும். ஆமாம், நம்ம ஊர்ப் பருப்புக்கீரையேதான். கடைசியில் பொரித்த குபூஸ் துண்டுகளை மேலே போட்டு, அந்த நிமிஷமே மேஜைக்கு அனுப்பவேண்டும். மொறுமொறுப்புப் போனால் ஃபத்தூஷும் போச்சு.

பாய்க்கு ஒரு யோசனை உதித்தது. நோன்பு திறக்கிற மக்ரிப் நேரத்தில் கூட்டம் தாங்காது, பிற்பகல் அசர் தொழுகைக்கே எல்லாவற்றையும் கலந்து கிண்ணங்களில் எடுத்து வைத்துவிடு என்றார். வேண்டாம் பாய் என்றேன். நீ மேனேஜரா நான் மேனேஜரா என்று கேட்டார். லீவை நினைத்துக் கலந்து வைத்தேன். பாங்கு சொன்னதும் கிண்ணங்கள் போயின, போன வேகத்திலேயே திரும்பின. வழக்கமாக வரும் அதிராம்பட்டினத்து வியாபாரி ஒருவர் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, ஃபத்தூஷில் ஒரு வாய் வைத்ததும் இதை யார் போட்டது என்று கேட்டார். பாய் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டினார். பெரியவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நாள் முழுக்கப் பசிச்சு இருந்தவனுக்கு நனைஞ்ச அட்டையைத் தர்றியே வாப்பா, உனக்கே நல்லாருக்கா?"

தபூலே உப்புமா

பெருநாள் கழிந்ததும் மறுபடி போய் நின்றேன். உன் இடத்தில் நிற்க ஓர் ஆள் சரிப்பட்டால் லீவு என்று பாய் வாக்குக் கொடுத்தார். முதலாளியின் இன்னொரு கடையில் டீ போடுகிற முருகேசனைக் கூட்டிவந்தார். நான் நறுக்கிக் காட்டலாமா என்று கேட்டேன். இதில் காட்ட என்ன இருக்கிறது, நீ போய்ப் பாத்திரம் கழுவு என்றார் பாய். என் மகளின் புதுநன்மை மொத்தமும் முருகேசனின் கையில் இருந்தது. மனசுக்குள் செபம் சொல்லிக்கொண்டே கழுவினேன்.

முருகேசன்மேல் குற்றமில்லை. பார்ஸ்லியும் கொத்தமல்லியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம்ம கை எதற்குப் போகும்? கொத்தமல்லியை அள்ளி நறுக்கிவிட்டான். தபூலேயில் கோதுமை நொய் பேருக்கு ஒரு பிடிதான், மீதியெல்லாம் இலை. இவனோ நொய்யைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்து, சட்டி நிறைய வேகவைத்து, பச்சை மிளகாயைக் கீறிப்போட்டு, அச்சு அசல் உப்புமாவாக இறக்கிவிட்டான். சுவைத்துப் பார்த்த பாய் பிரமாதம் என்றார். அவருக்கு அது பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். தினமும் வருகிற பஹ்ரைன்காரர் ஒருவருக்குத்தான் முதல் தட்டு போனது. அவர் கரண்டியால் கிளறினார், கிளறினார், எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. லஹம் என்றால் கறி, மாஃபி என்றால் இல்லை என்று உங்களுக்கே தெரியும். "பாய், யே தபூலே நஹி. யே பிரியாணி, லஹம் மாஃபி."

அர்பாப்

லீவு கலாஸ், பேச்சு முடிந்தது என்று பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார். ராத்திரி ஷைனி போனில் வெள்ளைக் கவுனைப் போட்டுக் காட்டினாள். அழகாயிருக்கு மக்களே என்று சொல்லிவிட்டு, சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லிக் கட் பண்ணினேன். அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கொத்தமல்லிக்கும் பார்ஸ்லிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனுஷன் என் பிள்ளையின் நாளைத் தீர்மானிக்கிறானே என்று பல்லைக் கடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முதலாளி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். எங்களுக்கெல்லாம் அவர் அர்பாப், அதிகம் பேசமாட்டார். தபூலேயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, யார் போட்டது என்று விசாரித்தார். பாய் முந்திக்கொண்டார். இது ஒரு வேலையே இல்லை அர்பாப், வெறும் இலைதான், நான்தான் இவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தேன் என்று அளந்துவிட்டார். இதைவிட நல்ல நேரம் எனக்கு வராது என்று தோன்றியது. மகளுக்குக் கோயிலில் விசேஷம், லீவு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். ஏன் தரவில்லை என்று அர்பாப் கேட்டார். சாலட் போட ஆளில்லை என்று பாய் வாய் தவறிச் சொன்னார். அர்பாப் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீதானே கத்துக்கொடுத்தே? அப்ப நீயே நில்லு. கலாஸ்."

கிளம்புகிற அன்று கத்தியை ஒப்படைக்கப் போனேன். சாலட் மேடைக்குப் பின்னால் பஷீர் பாய் மடிப்புக் கலையாத புது வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் கோட்டையே பார்ப்பதைப் பார்த்ததும் பொத்தானைத் தடவிக்கொண்டார். "கோட்டு இல்லாம சாலட் போட்டா கஸ்டமர் மதிப்பானா அந்தோணி?"

வீட்டு டூட்டி

ஷைனி மெழுகுதிரி பிடித்து நடந்து வந்ததை நேரில் பார்த்தேன். அழுதேன், அதில் வெட்கமில்லை. பூசை முடிந்து வீட்டுப் பந்தலுக்கு வந்தால் பிரியாணிக்குத் தயிர் வெங்காயம் நறுக்க ஆள் வரவில்லையாம். சட்டென்று எல்லார் கண்ணும் என்மேல். மச்சினன் ஒரு சாக்கு வெங்காயத்தைக் கொண்டுவந்து முன்னால் தட்டினான், அத்தானுக்கு இது பழகின வேலைதானே என்று. புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பாதி சாக்கு முடிந்திருக்கும். தலையிலிருந்த பூக்கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் ஷைனி பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். கவுனில் தண்ணி படும், போ என்றேன். போகவில்லை. என் கை போகிற வேகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயும் இதே வேலைதானப்பா? அப்ப இங்கயே நறுக்குங்களேன்."

கோட்டு கேட்டால் இலை நறுக்குகிற வேலை, லீவு கேட்டால் ஓட்டலையே தாங்குகிற வேலை என்று எனக்கே கணக்கு மாற்றிச் சொல்கிறவர்களுக்கெல்லாம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி பதில் வைத்திருக்கிறேன், என் மகள் கேட்டதற்கு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.