கையில் ஒரு கண்

பாஞ்சாலி பச்சை குத்திக்கொள்ள மூன்று வருஷம் ஆனது. பயமொன்றுமில்லை, என்ன குத்துவது என்றுதான் முடிவாகவில்லை. செத்தாலும் கூடவே வருகிற நகை அது ஒன்றுதான், அதை அவசரத்தில் வாங்க முடியுமா? தேள் வேண்டாம், கனவில் வந்து கொட்டும். மயில் வேண்டாம், தோல் சுருங்கினால் கோழியாகிவிடும். திண்டிவனத்துப் பக்கத்தில் இவ்வளவு யோசித்தவள் வேறு யாருமில்லை.

கடைசியில் புருஷன் பெயர் என்று தீர்மானித்தாள். துரைக்கண்ணு விழுப்புரத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி ஏற்றுகிறவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். பெயராவது கூடவே இருக்கட்டுமே என்று அவளுக்கு ஏக்கம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் திருவக்கரைப் பௌர்ணமிக்குப் போனபோது, கோயிலுக்கு வெளியே பச்சை குத்திக்கொண்டிருந்த கெங்கம்மாள் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தாள்.

“எங்க வூட்டுக்காரர குத்தணும்.”

“பேரு இன்னா?”

அங்கேதான் வந்தது வினை. கட்டியவன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லலாமா? மூன்று வருஷம் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. வெட்கத்தோடு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். மீதிப் பெயரைக் கெங்கம்மாளே கேட்டுக்கொள்வாள் என்று நினைப்பு.

“கண்ணா? சரி.” கெங்கம்மாள் ஊசியை எடுத்து, வலி மறக்கப் பாடும் பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

வலிக்குக் கண்ணை மூடிய பாஞ்சாலி பாட்டிலேயே மிதந்து போனாள். எஞ்சின் புகை வந்தது, புகைக்குள் அவன் சிரித்தான். பாட்டு நின்று விழித்தால், முழங்கைக்குக் கீழே இமையோடு ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வரும்வரை அழுதாள். அழிக்கிற காரியமா அது?

துரைக்கண்ணு வந்தபோது முதல் நாள் முந்தானையால் மறைத்துவிட்டாள். மறுநாள் சோறு போடுகையில் துணி நழுவியது.

“யாரு கண்ணுடி இது?”

அவனையே கைகாட்டி விம்மினாள். “உங்க பேரு குத்தத்தாங்க போனேன். சொல்ல வாய் வர்ல. பாழாப் போச்சிங்க.”

அவன் எச்சில் கையோடு குனிந்து அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தான்.

“எழுத்தா குத்தியிருந்தா உனுக்குப் படிக்கத் தெரியுமாடி? எனுக்குந்தான் தெரியுமா? இதுன்னா படிக்க வருதே.”

அதற்குப் பிறகு மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்குக் களை வெட்டும்போது தூரத்தில் ரயில் சத்தம் கேட்டால் பாஞ்சாலி நிமிர்ந்து நிற்பாள். கையைத் திருப்பி, புருஷன் பெயரை வாய் திறக்காமல் ஒருமுறை படித்துக்கொள்வாள்.