ஆடியில் எழும்பிய வீடுகள்

ஆடி நெருங்கினால் எங்கள் வீட்டில் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். பெரம்பலூரில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர் அவர். ஆடியில் யாரும் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுக்க மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். கொத்தனார்களுக்கு ஒரு மாதம் வேலை இருக்காது. அந்த ஒரு மாதத்தில்தான் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைகளுக்கு ஆள் பிடிப்பவர் வேனோடு வருவார். அதில் ஏறிப் போனவர்கள் ஆவணியில் திரும்புவது அபூர்வம்.

ஆட்களைப் பிடித்துவைக்க அப்பா செய்யாதது இல்லை. ஒரு வருஷம் எல்லோருக்கும் வேட்டி சேலை எடுத்துக் கொடுத்தார். அதையே கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். அடுத்த வருஷம் வேன் பிடித்து எல்லோரையும் கோயில் சுற்றுலா கூட்டிப்போனார். திரும்பும் வழியில், சிமெண்ட் ஆலைகள் இருக்கும் அரியலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இரண்டு பேர் இறங்கினார்கள், மறுபடி ஏறவில்லை. சொந்தச் செலவில் அவர்களை அடுத்த வேலையில் கொண்டுபோய் இறக்கிவிட்ட முதலாளி என்று என் மாமா இதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்தார். மாமா அம்மாவின் தம்பி, அப்பாவின் கூட்டாளி. "ஆளு போனா ஆளு வரும் மச்சான்" என்பது அவருடைய கொள்கை.

அப்படி வந்த புது ஆட்கள்தான் துறைமங்கலத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். குளியலறையில் ஊற்றிய தண்ணீர் ஹாலுக்கு வந்தது. வாத்தியார் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதை விளக்கிச் சொன்னார். அந்த வருஷம் எங்களுக்கு இரண்டு வீடு கை நழுவிப்போனது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவிடம் மிஞ்சியிருந்த நல்ல ஆட்கள் நான்கு பேர். பெரிய கொத்தனார், சின்ன கொத்தனார், கம்பி கட்டுபவர், தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிப்பவர். இதில் பெரிய கொத்தனார் போனால் மற்ற மூவரும் பின்னாலேயே போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பூசிய சுவரோடு பீரோவை நகர்த்தி வைத்தால் மேலிருந்து கீழ்வரை இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கும். ஆனி நடுவில் அவர் அப்பாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷம் கம்பெனி வேலைக்குப் போயிட்டு வரேண்ணே. கூரையப் பிரிச்சுட்டு ஓட்டு வூடாச்சும் போட்டுரலாம்னு பாக்குறேன்."

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை குன்னம் பஸ்ஸில் ஏறிப் பெரிய கொத்தனாரின் ஊருக்குப் போனார். மாலையில் திரும்பி வந்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பதினாலு வருஷமா ஊருக்கெல்லாம் வூடு கட்டுறான். அவன் வூட்டுக்குள்ள நான் குனிஞ்சு போயி குனிஞ்சு வந்தேன்."

"அப்ப கட்டிக் குடுங்க" என்றார் அம்மா, நிமிராமலே. "ஆடியில எல்லாரும் சும்மாதான உக்காந்திருக்கீங்க."

அப்பா அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திட்டம் இதுதான். ஒவ்வோர் ஆடியிலும் எல்லோரும் சேர்ந்து ஒருவருடைய வீட்டைக் கட்டுவது. ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, மேலே காங்கிரீட். சுவரும் தளமும் ஆடியில். பூச்சு வேலை, அடுத்த சும்மா மாதமான மார்கழியில். வேலைக்குக் கூலி இல்லை, சிமெண்டும் கம்பியும் அப்பா பொறுப்பு, சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து. யாருக்கு எந்த வருஷம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது. ஆடியில் நல்ல காரியமா என்று பெரிய கொத்தனாரின் மனைவி கேட்டதற்கு அப்பா வைத்திருந்த பதில்: "கடக்கால ஆனியிலயே எடுத்துருவோம்மா. ஆரம்பிச்சது ஆனி. நடுவுல ஆடி வந்தா அது பாட்டுக்கு வந்துட்டுப் போவுது."

மாமா மட்டும் சிரித்தார். "வூடு முடிஞ்சதும் அவன் வேன்ல ஏறிட்டா?"

"ஏறட்டும்" என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் ஏறட்டும் என்று சொல்லவில்லை.

சீட்டு எழுதியது என்னுடைய ரஃப் நோட்டில் கிழித்த தாளில், என்னுடைய பச்சை ஸ்கெட்ச் பேனாவில். நான்கு சீட்டு எழுதி முடித்ததும் நான் அழ ஆரம்பித்தேன். காரணம் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நாலாயிரம் செங்கல் அடுக்கியிருந்தது. மாடியில் ஓர் அறை கட்டுவதற்கு. அந்த அறை எனக்கு என்று போன வருஷமே சொல்லியாகிவிட்டது. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை நான் முடிவு செய்திருந்தேன். எல்லோருக்கும் சீட்டு என்றால் எனக்கும் சீட்டு வேண்டும் என்றேன். அப்பா ஐந்தாவது தாளை எடுத்து 'நம்ம வீடு' என்று எழுதி என்னிடம் காட்டினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று சீட்டுகளை மடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். குலுக்கி என்னிடம் நீட்டினார்.

நான் எடுத்த சீட்டில் பெரிய கொத்தனார் பெயர் இருந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன கொத்தனார் விசிலடித்தார். நானே என் அறையைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு டிராக்டர் வந்தது. பெரிய கொத்தனாரிடம் கல் இல்லை. எங்கள் கல் போகப்போகிறது. நான் அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெரிய கொத்தனாரின் மனைவி கீழே நின்று, "எறங்கு பாப்பா, கல்லு சுடும்" என்றார். சுட்டது. இருந்தும் இறங்கவில்லை. கடைசியில் மாமா என்னைத் தூக்கி, நான் கத்தக் கத்த, டிராக்டரில் கல்லுக்கு மேலேயே உட்காரவைத்தார். "உன் கல்லு எங்க போவுதுன்னு நீயே பாத்துக்க." இப்படியாக நான் குன்னம் பக்கம் வந்துசேர்ந்தேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சாப்பாட்டுத் தூக்கோடு அப்பாவுடன் பஸ்ஸில் போய் என் கல்லைப் பார்த்துவந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, சுவர் ஆள் உயரம் தாண்டியிருந்தது. பெரிய கொத்தனாரும் சின்ன கொத்தனாரும் சாரத்தின்மேல் நின்றார்கள். மாமா கீழே கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கல் தூக்கி நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஆள் பிடிப்பவர் இறங்கினார், ஒரு கையில் செல்போன், மறு கையில் வேன் சாவி. அப்பா அவரைப் பார்த்ததும் கலவை அள்ளும் கரணையைக் கீழே வைத்துவிட்டு, செய்ய வேலை எதுவும் இல்லாத ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"என்ன கொத்தனாரே, போன்ல வரேன்னீங்க, ஆளக் காணோம். ரெண்டு வருஷத்துக்கு ஓயாத வேலை. வண்டி வூட்டு வாசலுக்கே வந்து ஏத்திக்கும்."

பெரிய கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வூட்டுக்கு இன்னும் வாசப்படியே வக்கலீங்க. வச்சப்புறம் சொல்லியனுப்புறேன்."

ஆள் பிடிப்பவர் சின்ன கொத்தனார் பக்கம் திரும்பினார். "நீ வாய்யா. உனக்கு என்ன வூடா கட்டுறாங்க?"

"அடுத்த ஆடியில எனக்கு விழுந்தாலும் விழும்" என்றார் அவர். "சீட்டு உள்ள கெடக்குது சார். உட்டுட்டு வந்தா இவனுங்க என் சீட்டக் கிழிச்சுப்புடுவானுங்க."

கம்பி கட்டுபவர் சிரித்தார். அதற்குள் பெரிய கொத்தனாரின் மனைவி கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் பிடிப்பவரின் முன்னால் வந்து நின்றார். "வந்தது வந்தீங்க, இத மட்டும் மேல எட்டிக் குடுத்துட்டுப் போங்களேன். எனக்குக் கை எட்டல."

அவர் வாங்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக் கையில் கலவை ஒட்டிக்கொண்டது. வேன் வந்த வழியே காலியாகத் திரும்பிப் போனது. அப்பா கரணையை எடுக்க மறந்து வெறுங்கையோடு சாரத்தில் ஏறினார். அன்று முழுக்க எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் மாமா பக்கத்து சீட்டுக்காரரிடம், ஆளைப் பிடிச்சுவைக்க நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம் என்று ஆரம்பித்தார்.

ஆவணியில் நான்கு பேரும் வேலைக்கு வந்தார்கள். அடுத்த ஆவணியிலும், அதற்கடுத்த ஆவணியிலும் அதே நான்கு பேர். வேன் இன்னும் ஒரு வருஷம் வந்தது, பிறகு வரவில்லை. அப்பாவின் ஆட்கள் எப்போதும் அதே ஆட்கள் என்பது ஊரில் பேச்சானது. துறைமங்கலத்து வாத்தியாரே கூப்பிட்டனுப்பி, குளியலறைத் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொன்னார். பெரிய கொத்தனார் போட்டார். ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, அது போகவேண்டிய வழியில் போய் மறைவதை வாத்தியார் குனிந்து நின்று பார்த்தார். மறுநாள் காலை டீக்கடையில் அதையும் விளக்கிச் சொன்னார்.

ஒவ்வொரு ஆனியிலும் சீட்டு எடுத்தது நான்தான். நான்கு வருஷமும் எங்கள் வீடு வரவில்லை. என் கைக்கு ராசி இல்லை என்று நம்பிவிட்டேன். ஐந்தாம் வருஷம் சீட்டே எடுக்கவில்லை, மிச்சம் நாங்கள் மட்டும்தான். நால்வரும் வந்து இருபத்தாறு நாளில் மாடியறையைக் கட்டி முடித்தார்கள். ஜன்னல் நான் சொன்ன பக்கமே வந்தது.

முதல் சீட்டு எடுத்த அன்று மாலை நடந்த ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அழுது முடித்துவிட்டுத் துவைக்கிற கல் பக்கம் போனேன். அம்மா அப்பாவின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து, மடித்தபடியே கூழாகிப்போன ஒரு தாளை விரலால் வழித்தெடுத்தார். அதிலிருந்து பச்சையாக மை வழிந்தது. அதைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார், தண்ணீரில் கரைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சிரித்தார்.

பச்சை நிறத்தில் டிக்கெட் கொடுக்கும் பஸ் ஒன்று எங்கள் தெரு வழியாக ஓடியது. அன்று நான் அது டிக்கெட் என்று நினைத்தேன்.