ஜன்னலோரப் போத்தல்

மாமாவை மகாவலி கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாவின் ஒரே தம்பி அவர். கம்பளைப் பாலத்துக்குக் கீழே வழுக்கி விழுந்தவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கண்டியில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்த அக்கா, விடுமுறைக்கு வந்த கையோடு அதே கரைச் சேற்றை அள்ளிவந்து பள்ளிப் பரிசோதனைக்கென்று ஜாம் போத்தல் ஒன்றில் அடைத்தாள். அவளுக்குச் சேறு என்றால் சேறுதான். கிழித்த பேப்பரையும் முட்டை மஞ்சள்கருவையும் போட்டுக் கலக்கியபோது, "குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டுக் குட்டு வாங்கியது நான். மூடியை இறுக்கி ஜன்னலில் வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தபோது, வெயில் படும் பக்கத்தில் கண்ணாடியை ஒட்டி ஊதா கலந்த சிவப்பில் ஒரு திட்டு வளர்ந்திருந்தது. அடிபட்டுக் கன்றிய தோல் போல இருந்தது. அம்மா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பற்றீரியாம்மா," என்றாள் அக்கா. "இலையில வெயிலப் பிடிக்கிற பச்சையவுருமணி இதுக்குக் கிடையாது. இதச் சுத்தித் தோல் மாதிரி இருக்கிற மென்சவ்வே உள்பக்கமா மடிஞ்சு கெடக்கும். அதுல இருக்கிற நிறம் வெயிலப் பிடிச்சு சக்தி செஞ்சுக்கும். காத்துகூட வேணாம். சேத்து நாத்தத்த வச்சே பொழச்சுக்கும்."

"மூச்சு விடாமலா உசிரோட இருக்கு?"

"ஆமாம்மா. வெயில் மட்டும் படணும்."

அக்கா திரும்பிப் போனதும் போத்தல் நடமாடத் தொடங்கியது. காலையில் முன் ஜன்னல், மத்தியானம் சமைக்கிற குசினி வாசல், சாயந்தரம் பின்சுவர். ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அம்மா அதன் முன்னால் குந்தியிருந்தாள். "சாப்பிட்டியா தம்பி?" என்று அவள் போத்தலிடம் கேட்டது என் காதில் விழுந்தது. திட்டும் நாளுக்கு நாள் பெருத்தது.

அம்மாவை அது பிடித்துக்கொண்டது என்று முடிவுகட்டினேன். போத்தலை அலுமாரியில் பழைய கம்பளிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, அம்மா இல்லாத நேரத்தில் அக்கா வந்து எடுத்துப்போனதாகப் பொய் சொன்னேன்.

அக்கா மறுபடி வந்து, "போத்தல் எங்கடி?" என்று கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. எடுத்துப் பார்த்தால் சிவப்பைக் காணோம். வெறும் கறுத்த சேறு.

அம்மா என்னை அடிக்கவில்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். "கொஞ்சம் வெயில் பட்டா வந்துருவான்," என்றாள்.

பேயை விரட்டிய பெருமையோடு நான் வாசலில் நின்றேன். அம்மாவிடமிருந்து மாமாவை இரண்டாம் முறை பறித்தது ஆறு அல்ல, நான்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.