ஒற்று அக்காவும் தொட்டிக்காரரும்

என் கணவரின் அக்கா முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். எனக்கு அண்ணி. கடைக்கு வருகிறவர்களுக்கு மேடம். ஒரு காலத்தில் இணையத்தில் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: ஒற்று அக்கா.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம், மளிகைச் சாமான் பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அதில் சிவப்பு மை. நான் எழுதிய 'எண்ணை'யை 'எண்ணெய்' ஆக்கி, 'வெண்ணை'யை 'வெண்ணெய்' ஆக்கி வைத்திருந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கணவரிடம் சொன்னேன்.

"உன்னை எங்க திருத்தினா? எண்ணெயைத்தானே திருத்தியிருக்கா," என்றார் அவர். "இதுக்கே அழுதா எப்படி? கல்யாணக் கதை கேக்கலையா நீ?"

அண்ணிக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்ததாம். மாப்பிள்ளை நல்ல வேலை, நல்ல குணம். முதலில் ஒரு கடிதம் எழுதினாராம்: 'விருப்பமிருந்தால் நாம் மணம் விட்டுப் பேசலாம்.' அண்ணி அதைப் படித்துவிட்டு, "கல்யாணத்தை விட்டுட்டுப் பேசலாம்கிறார். அப்படியே பேசட்டும்," என்று கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அடுத்து வந்தவையும் ஏதேதோ காரணத்தால் போயின. அண்ணி அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவருடைய பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது கடைக்கு ஒருநாள் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. பெயரில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறும் இரண்டு மாத்திரைகள் அலமாரியில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று சர்க்கரைக்கு, மற்றது மூட்டுவலிக்கு. டாக்டர்கள் கிறுக்கிக் கொடுக்கிற சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்டு, அதன் பிறகே மருந்தை எடுப்பார்.

"ஒரு எழுத்து மாறினா ஆளே போயிடுவான்மா," என்றார்.

காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வந்துவிடுவார். குளித்து, காபி குடித்து, ஐந்து மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு இணைய மையத்துக்குக் கிளம்புவார். எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அது. செருப்பைப் படியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கணினிகள். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருக்கும். ஒரு பூவின் படத்தைத் திறந்தால் மேலிருந்து வரி வரியாக இறங்கும். முதலில் சுவர் வரும், அடுத்து ஒரு மொட்டு, பூ வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். "போச்சு!" என்று ஆறு தடுப்புகளிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அண்ணி போவது 'தொட்டிச்செடி' என்ற குழுமத்துக்கு. வீட்டில் செடி வளர்க்கிறவர்கள் கூடிப் பேசுகிற இடம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நடத்துகிறவர் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவர். அங்கே அவர் பெயர் மண்புழு. பால்கனி என்று ஓர் அம்மா, தக்காளி என்று ஒரு வங்கி அதிகாரி. அண்ணி செடியைப் பற்றிக் கேட்கத்தான் சேர்ந்தார். ஆனால் கண் சும்மா இருக்குமா?

பால்கனி ஒருநாள், 'இன்று முதன்முதலாக எங்கள் வீட்டு முள்ளைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டேன்' என்று எழுதினார். அண்ணி கீழே, 'ரத்தம் வரவில்லையா?' என்று கேட்டார். 'என் தங்கைக்கு வங்கியில் வேலைக் கொடுத்தார்கள்' என்று தக்காளி எழுதியபோது, 'அந்த வேலைக் கூர் படாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். உத்தியோகம் என்றால் க் வேண்டாம்' என்றார். அன்றுதான் அவருக்கு அந்தப் பெயர் விழுந்தது. அதன் பிறகு ஆட்கள் பதிவின் தலையிலேயே 'ஒற்று அக்கா மன்னிக்கவும்' என்று போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தினார்கள். ஒருவர் மட்டும் திருந்தவில்லை. தொட்டிக்காரர். உடைந்த வாளி, பழைய ஹெல்மெட், கிழிந்த பூட்ஸ் என்று எது கிடைத்தாலும் அதில் மண்ணைப் போட்டுச் செடி வளர்ப்பவர். அழகாக எழுதுவார், ஆனால் வரிக்கு நாலு பிழை. 'காலையில் சன்னலுக்குக் கிலி வருகிரது. கொய்யாப்பழம் வைத்தால் சாப்பிடுகிரது' என்பார். 'கிலி வந்தால் மந்திரிக்கப் போங்கள், கிளி வந்தால் பழம் வையுங்கள்' என்று அண்ணி பதில் போடுவார். 'இந்த ரோஜாவுக்கு மனமில்லை' என்று அவர் எழுத, 'பூக்கவா மனமில்லை? மணமில்லை என்று எழுதுங்கள்' என்பார் அண்ணி. அவர் ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. 'சரிங்க அக்கா, இனிமேல் கவனிக்கிரேன்' என்று பதில் வரும். அதிலும் பிழை.

"வேணும்னே பண்றாரு இந்த ஆளு," என்று அண்ணி பல்லைக் கடிப்பார்.

மூன்றாவது வருடம், ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோரும் நேரில் சந்திப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு செடி கொண்டுவர வேண்டும். அண்ணி செடியோடு இன்னொன்றும் தயார் செய்தார். ர, ற, ல, ள, ன, ண என்று மாறிப்போகிற சொற்களை இரண்டு பத்தியாக எழுதி, கீழ்க்கடையில் அச்செடுத்து, நனையாமல் இருக்க லேமினேட்டும் செய்துகொண்டார். தொட்டிக்காரருக்குப் பரிசு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மரத்தடியில் பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டு இருபது பேர் நின்றிருந்தார்கள். முள்ளைத் தலையில் வைத்த பால்கனி அம்மா ஓடி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்க, நம்ம தொட்டிக்காரர் வரலையா?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பின்னாலதாங்க நிக்கிறேன்," என்றது ஒரு குரல்.

அந்தக் குரலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற குரல். ளகரம் தனியாக, லகரம் தனியாக, ணகரம் கணீரென்று விழும் குரல். அண்ணி திரும்பினார். ஐம்பது வயதுக்காரர், ஒல்லியாக இருந்தார். சட்டையின் வலது கையை முழங்கையோடு மடித்து ஊசி குத்தியிருந்தார். இடது கையின் மடிப்பில் ஒரு பழைய கெட்டில், அதில் ஒரு கள்ளிச்செடி. அந்தக் கையிலும் சுட்டுவிரல் ஒன்றுதான் நேராக இருந்தது. மற்றவை மடங்கி விறைத்து, நிமிராமல் இருந்தன.

அண்ணி பையிலிருந்து அட்டையைப் பாதி வெளியே எடுத்திருந்தார். உள்ளே தள்ள நேரமில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"எனக்கா?"

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கி, நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஒரு தப்புகூட இல்லீங்க. ஆனா கொல்லையையும் கொள்ளையையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கீங்க. ஜாக்கிரதை."

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் வாய் பொறுக்காமல், "கை எப்படிங்கண்ணா..." என்று கேட்டுவிட்டேன்.

"பட்டறையில போச்சும்மா, வயசுல. மிச்சம் இருக்கிற ஒரு விரல்லதான் தட்டுறேன். இங்கிலீஷ் எழுத்துலதானே தமிழை அடிக்கிறோம், இந்த ற, ள, ண எல்லாத்துக்கும் ஷிஃப்ட்டையும் சேத்துல்ல அமுக்கணும்? ஒத்தை விரலை வச்சுக்கிட்டு ரெண்டு பொத்தானை எப்படி அமுக்குறது? பெரிய எழுத்துக்குன்னு ஒரு பூட்டு இருக்கு. அதைப் போட்டு, அடிச்சு, மறுபடி எடுத்து... ஒரு வரி முடியறதுக்குள்ள பின்னாடி ஆள் வந்து நிப்பாங்க. அதான் வர்றது வரட்டும்னு விட்டுட்டேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் அண்ணி.

"சொன்னா நீங்க திருத்த மாட்டீங்களே. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

அண்ணி எட்டு நாள் இணைய மையத்தின் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள், "வா," என்று என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்ததும் தொட்டிக்காரரின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இங்க பாரு. ழ ஒரு இடத்துலகூடத் தப்பில்ல. ஊரே தடுமாறுற எழுத்து. அதுக்கு ஷிஃப்ட் வேண்டாம். ஒற்று ஒன்னுகூட விடல. என்னைவிடச் சுத்தமா எழுதியிருக்கார்மா. தப்பெல்லாம் அந்த மூணே எழுத்துலதான். டாக்டர் கிறுக்கலப் படிக்கிற கண்ணுன்னு பேரு, இதைப் பாக்கத் தெரியல."

பிறகு எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்: 'தொட்டிக்காரரின் எழுத்தில் இனி யாரும் கை வைக்க வேண்டாம். நானும் வைக்க மாட்டேன். இதுவரை வைத்ததற்கு மன்னியுங்கள்.'

கால் மணி நேரத்தில் பதில் வந்தது: 'அக்கா, தாராலமாகக் கை வையுங்கல். எனக்கு ஒரு கை குரைவாகத்தான் இருக்கிரது.'

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடுப்பிலிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மண்புழுவிடம் கேட்டு அவர் ஓர் அனுமதி வாங்கினார். தொட்டிக்காரரின் பதிவுகளை மட்டும் அண்ணியே உள்ளே போய்த் திருத்தலாம். முதலில் பழைய பதிவுகளையெல்லாம் திருத்தி முடித்தார். அன்றிலிருந்து தொட்டிக்காரர் எழுதுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி போய் ரகரத்தை றகரமாக்கி, லகரத்தை ளகரமாக்கிச் சேமித்துவிட்டு வருவார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட என்னை அனுப்பி, போனில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு மாற்ற வைத்தார். மற்றவர்களை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. முன்பு சபையில் சொன்னதை இப்போது தனி மடலில் சொன்னார். அவ்வளவுதான் மாற்றம்.

என் கணவர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஏன்கா, நான் வேணா அவர்கிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"என்னத்தைப் பேசப் போற? அவர் வீட்டுல அவர் இருக்கட்டும், நம்ம வீட்டுல நான் இருக்கேன். நல்லாத்தானே போயிட்டிருக்கு," என்றார் அண்ணி. அந்தப் பேச்சும் அதோடு முடிந்தது.

ஏழு வருடம் அப்படிப் போயிற்று. அதற்குள் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. பால்கனி அம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தக்காளி எழுதுவதை நிறுத்திவிட்டார். இணைய மையத்தில் ஆறு கணினி நாலாகி, இரண்டாகி, ஒருநாள் அங்கே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி வருடம் குழுமத்தில் எழுதியவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர். மாதக் கடைசியோடு மூடப்போவதாக மண்புழு அறிவித்ததும், அண்ணி தொட்டிக்காரரின் பதிவுகள் அத்தனையையும் அச்செடுத்து, இரண்டு தொகுதியாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

இப்போது தொட்டிக்காரர் போனிடம் பேசுகிறார், அது எழுதிக்கொள்கிறது. அந்தக் குரலுக்கு அதுவும் பிழையில்லாமல்தான் எழுதுகிறது. அண்ணியும் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'லிஃப்ட் பழுது, அணைவரும் படியில் வரவும்' என்று ஒருவர் போட்டிருந்தார். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

"விடு. எந்த விரலால அடிச்சாங்களோ," என்றார்.

போன மாதம் தொட்டிக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி முதல் தொகுதியை எடுத்துக் கொடுக்க, அவர் பேருந்து நிலையக் குரலில் ஒரு பக்கத்தைப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னங்க இது, என் தப்பு ஒன்னுகூட இல்லையே?"

"அதான் எல்லாத்தையும் அப்பவே திருத்திட்டேனே."

"படிச்சா வேற யாரோ எழுதின மாதிரி இருக்குங்க."

அண்ணி உள்ளே போய் ஒரு பென்சிலும் கண்ணாடியும் எடுத்து வந்து, முதல் பக்கத்தைத் திருப்பினார். 'வெள்ளை' என்பதில் ளவை அடித்துவிட்டு மேலே ல என்று எழுதினார். அடுத்த வரியில் 'மணல்' மனலாயிற்று.

நான் தேநீரோடு போனபோது மூன்றாவது பக்கத்தில் இருந்தார்கள். 'பள்ளம்' என்ற சொல்லில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தன் தங்கை பக்கத்தில் இருந்தாள், ஷிஃப்ட்டை அவள்தான் அமுக்கினாள், அது சரியாகவே வந்தது என்கிறார் அவர். "அதெல்லாம் இல்ல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்கிறார் அண்ணி, பென்சிலைக் கையை விட்டுக் கொடுக்காமல்.