பிழிந்த தண்ணீர் விற்பனைக்கு இல்லை

“ராமேஸ்வரத்துல ஒரு பொம்பள, ஈரத்துணியில பிழிஞ்ச தீர்த்தத்தைப் பாட்டில்ல அடைச்சு விக்குறாளாம். பாட்டில் அம்பது ரூவாயாம்!”

பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தபோது நாகலெட்சுமி தன் முழங்காலை ஒட்டி நின்ற மெஷினை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு யாரு சொன்னா?” என்றது இன்னொரு குரல்.

“என் நாத்தனா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கண்ணால பாத்தாளாம். இருபது லிட்டர் கேனா அடுக்கி வச்சிருக்காளாம்.”

“ஆத்தி! சாமி தண்ணியை விக்குறதுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும்!”

“அது கெடக்குது. நமக்கு ரெண்டு பாட்டில் கெடைக்குமான்னு பாக்கணும்” என்றது மூன்றாவதாக ஒரு குரல்.

அந்தப் பொம்பளை நாகலெட்சுமிதான். ஆனால் அவள் தண்ணீர் விற்பவள் அல்ல. ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் ஸ்பின்னரில் போட்டு ஐந்தே நிமிஷத்தில் உலர்த்திக் கொடுப்பவள். இப்போது முழங்காலருகே நிற்பது அவளுடைய இரண்டாவது மெஷின். பரமக்குடியில் ஒரு ஹாஸ்டலில் சும்மா கிடந்ததை விலை பேசி, அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் வாங்கி, குழந்தையைக் கூட்டி வருவதுபோல் கூட்டி வருகிறாள்.

காலையில் மருதுபாண்டி போனில் இழுத்து இழுத்துப் பேசியது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ராமேஸ்வரத்தில் யாத்திரை வேன்கள் நிற்கும் திடல் அவருடையது. அங்கே தண்ணீரும் கரண்டும் உள்ள ஒரு மூலையைத் தரும்படி அவள் கேட்டிருந்தாள். “நேத்து வரைக்கும் சரின்னுதாம்மா இருந்தேன். என்னமோ கேள்விப்படுறேன். கரும்புச்சாறு மெஷின் போடுறவன் ஒருத்தனும் கேக்குறான். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்” என்று வைத்துவிட்டார். இப்போதிருக்கும் கடை வாசலை இந்த மாதத்தோடு காலி செய்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் ஆடி அமாவாசை. வருஷத்திலேயே பெரிய கூட்டம் வரும் நாளில் இரண்டு மெஷினையும் வைத்துக்கொண்டு அவள் எங்கே நிற்பாள்?

நாகலெட்சுமி சாயல்குடியில் பிறந்து, பாம்பனில் வாக்கப்பட்டு, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ஏழு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவள். அங்கேதான் அந்தக் கெஞ்சலைக் கேட்டாள். கடலில் குளித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து வந்தவர்கள், தெலுங்கிலும் இந்தியிலும் கைஜாடையிலும் ஒன்றையே கேட்டார்கள்: எங்கள் துணியையும் உன் மெஷினில் ஒரு சுற்று விட்டுக் கொடு. ஏழு வருஷம் இலவசமாகச் செய்தவளுக்கு எட்டாவது வருஷம் பொறி தட்டியது. இது தயவு இல்லை, தொழில்!

முதல் மெஷினோடு கடற்கரை ரோட்டில், பூட்டிக் கிடந்த ஒரு சங்குக் கடை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஈரம் எங்கேயோ அங்கேதானே வியாபாரம்? ஒரு மாதம் ஈ ஓட்டினாள். கடலில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட அவளைத் தாண்டிக் கோயிலுக்குப் போனார்கள். சிலர் கட்டியிருந்த துணியைக் கடலோடு விட்டுவிட்டே போனார்கள். பதினைந்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தவள், யாத்திரை வந்தவளாக அந்தப் பாதையில் ஒரு நாளும் நடந்ததில்லை. ஒரு விடியற்காலையில் நடந்தாள். தலை முழுகி, இருபத்திரண்டு கிணற்றுக்கும் வரிசையில் நின்று, உடை மாற்றி, சாமி கும்பிட்டு, ஈரச்சேலையைப் பையில் திணித்துத் தூக்கிக்கொண்டு வேன் திடல் வரைக்கும் போனாள். அங்கே ஒரு டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்: “ஈரப்பையைச் சீட்டுல வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! மதுரை வரைக்கும் நாத்தத்தோட நான்ல ஓட்டணும்!”

அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. துணி நனையும் இடம் வேறு, அது பாரமாகும் இடம் வேறு. துணி யாருடையதாக இருந்தாலும் தலைவலி டிரைவருடையது. அன்றைக்கே பத்து டிரைவர்களிடம் பேசினாள். மறுநாளிலிருந்து அவர்களே ஆட்களைக் கடை வாசலுக்கு அனுப்பினார்கள். தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் கடையைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை அவள் ஒரு மாதம் கழித்துச் செய்தாள். அவ்வளவுதான் தாமதம்.

அந்தக் கேன் கதைக்கும் காரணம் இருந்தது. பிழிந்த தண்ணீரை மரத்தடியில் ஊற்ற முடியாது, உப்புக்கு வேர் கருகும். சாக்கடையில் விட அவளுக்கே மனசு வரவில்லை, தீர்த்தமாயிற்றே. குடிதண்ணீர்க் கேன்கள் தூக்க வசதியாக இருக்கவே, அவற்றில் பிடித்து, வழியில் சிந்தாமல் இறுக மூடி, பொழுது சாய்ந்ததும் கடலில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். கேன் நிரம்புவதைப் பார்த்தவர்கள் உண்டு. கடலில் ஊற்றுவதைப் பார்த்தவர்தான் இல்லை.

நாகலெட்சுமி சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். “அக்கா, அந்தப் பொம்பளை நான்தான்.”

பேச்சைத் தொடங்கிவைத்த, சன்னலோரம் இருந்த பூப்போட்ட சேலைக்காரிக்கு வாய் மூடவில்லை. அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் சுதாரித்துக்கொண்டாள். “அப்ப கையோட ரெண்டு பாட்டில் வச்சிருக்கியாத்தா?”

“அக்கா, அது பத்துப் பேரு வேட்டி பிழிஞ்ச தண்ணி. நீங்க குடிப்பீகளா?”

பஸ்ஸே சிரித்தது. பூப்போட்ட சேலைக்காரி முகத்தைச் சுளித்து, பிறகு அவளும் சிரித்தாள். பாம்பன் வந்து சேர்வதற்குள் நாகலெட்சுமி முழுக்கதையையும் சொல்லி முடித்திருந்தாள். கேட்டவர்கள் நம்பியதற்கு ஒரே காரணம், மெஷின் கண்முன்னால் இருந்தது. அதுதான் அவளுக்கு உறைத்தது. வாயால் சொல்லி மாளாது. காட்ட வேண்டும். இன்றைக்கே!

பாம்பனில் மெஷினோடு இறங்கி, மெஷின் ரிப்பேர் செய்யும் ஹமீது சுல்தான் கடைக்கு ஓடினாள். எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு லாண்டரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். உப்புத் தண்ணீர் மெஷினைத் தின்னாமலிருக்க, பத்துச் சுற்றுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

“பாய், உங்க குட்டியானை வண்டி வேணும். இன்வெர்ட்டர் வேணும். மூடியில்லாத பெரிய தொட்டி ஒண்ணு வேணும். இப்பவே!”

“யாக்கோவ், மூச்சு விட்டுக்கங்க. மருதுபாண்டி எடம் குடுத்துட்டாரா?”

“இல்ல. வண்டி நிறுத்துறதுக்குத்தானே அந்தத் திடலு? டோக்கன் போட்டு வண்டி நிறுத்துவோம். வண்டி மேல மெஷின் நிக்கும்.”

ஹமீது சுல்தான், “மாஷா அல்லாஹ்! ஷார்ஜாவுல எங்க முதலாளிக்குக்கூட இந்த மூளை இல்ல” என்று சொல்லிக்கொண்டே வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒரு கண்ணாடிக் குழாயும் எடுத்து வைத்தார். உள்ளே தண்ணீர் ஓடினால் வெளியே தெரியும். நாகலெட்சுமி அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘பிழிந்த தண்ணீர் விற்பனைக்கு இல்லை. கடலுக்கே போகும்.’

வழியில் கடை வாசலிலிருந்த முதல் மெஷினையும் ஏற்றிக்கொண்டார்கள். திடல் வாசலில் டோக்கன் கிழிப்பவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதென்னம்மா, வேனா, லாரியா?”

“வண்டிண்ணே. டோக்கன் குடுங்க.”

“மருதுபாண்டி அண்ணாச்சி என்னையத்தான் வைவாரு.”

“வஞ்சா எனக்குப் போன் போடச் சொல்லுங்க. காலையிலேருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார். நாகலெட்சுமி அட்டையை வண்டியின் பக்கவாட்டில் கட்டத் தொடங்கினாள். அதற்குள் பழக்கமான டிரைவர் ஒருவர் குரல் கொடுத்துவிட்டார்: “ஏலே, அக்கா இங்கனயே வந்துருச்சு! நம்ம ஆளுகளை வரச் சொல்லு!”

பிறகு நடந்ததெல்லாம் ஒரே இரைச்சல். எட்டு முழ வேட்டி, சுடிதார், துண்டு, ஈரம் கனத்த பட்டுப்பாவாடை. மெஷின்கள் இரண்டும் உறுமின. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சரசரவென்று இறங்கித் திறந்த தொட்டியில் விழுந்தது. கூட்டம் துணியை விட்டுவிட்டுத் தொட்டியைத்தான் வேடிக்கை பார்த்தது. எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் நிறத்தைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு அழுக்கா நம்ம துணியில!” என்று தலையில் அடித்துக்கொண்டார். வெளியூர்க்காரர் ஒருவர் காலிப் பாட்டிலை நீட்டி ரூபாய் நோட்டையும் நீட்டினார். நாகலெட்சுமி அட்டையைக் காட்டினாள். அவர் இன்னொரு நோட்டையும் சேர்த்து நீட்டினார். அவள் கும்பிட்டுவிட்டு அடுத்த துணியை வாங்கினாள். விலை கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் விற்றுவிட முடியுமா?

வெயில் இறங்கும் நேரத்தில் பூப்போட்ட சேலைக்காரி ஈரத்தலையோடு, மாற்றுச்சேலையில் வந்து நின்றாள். “இந்தா, என்னுதையும் சுத்து” என்று பையை நீட்டினாள். சேலை சுற்ற ஆரம்பித்ததும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! இவ தண்ணி விக்குறான்னு எவளாச்சும் சொன்னா நம்பாதீக! நானே கண்ணால பாத்துட்டேன்!”

“காலையில நீங்கதானக்கா சொன்னீக?” என்றாள் நாகலெட்சுமி.

“காலையில கேட்டதைச் சொன்னேன். இப்பப் பாத்ததைச் சொல்றேன்.”

அப்போதுதான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்த பைக்குள் போன் அடித்தது. ஹமீது சுல்தான் எட்டிப் பார்த்தார். “அக்கா! மருதுபாண்டி!”

மர நிழலில் நின்ற டோக்கன்காரர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நாகலெட்சுமியின் இரண்டு கைகளிலும் தண்ணீர் சொட்டியது. முந்தானையில் துடைத்தாள், முந்தானையும் ஈரம். மெஷினுக்குள் பூப்போட்ட சேலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள்.

“எடுங்கக்கா, கட்டாயிரும்!”

“பாய், உங்க காஞ்ச துண்டைக் குடுங்க” என்று கையை நீட்டினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.