கடை வாசலில் தொங்கிய காயில்கள்

என் தாத்தா அன்பான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால் அல்ல. ஒரு மனிதர் தன் வேலையை வைத்தே எதிரியைத் தரையில் சாய்க்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அந்த எதிரி என் அத்தையின் கணவர். என் மாமா.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தெருவில் தாத்தா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால், உள்ளே கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதிய செம்புக் கம்பியைச் சுற்றித் தரும் வேலை. எங்கள் பக்கத்தில் கரண்டு எப்போதும் பாதி பலத்தில்தான் வரும். மோட்டார்கள் எரிந்துகொண்டே இருக்கும். தாத்தா காலை ஐந்தரை மணிக்குக் கடை திறப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் ஒன்றரை மணி நேரம் மட்டும் மூடியிருக்கும். திரும்பி வந்து வேட்டியை மாற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். கம்பி இழுத்து இழுத்து அவர் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

எரிந்த பழைய கம்பியை விவசாயியின் சாக்கிலேயே கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். மற்ற கடைகளில் அது கடைக்காரருக்குப் போய்விடும். செம்புக்கு நல்ல விலை உண்டு. கேட்டால், "அவங்க மோட்டாரு, அவங்க கம்பி" என்பார்.

மாமா அந்தக் கடையில்தான் ஆறு வருஷம் வேலை பார்த்தார். அத்தையைக் கட்டிக்கொண்ட பிறகு குவைத்துக்குப் போனார். ஊரில் பாதி வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அப்படிப் போன காலம் அது. நான் ஒன்பதாவது படிக்கும்போது அவர் திரும்பி வந்து, தாத்தா கடைக்கு எதிரிலேயே கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் திறந்தார். வடக்கிலிருந்து வந்த புது மோட்டார்கள், அட்டைப் பெட்டியில், பளபளவென்று. திறப்பு விழாவுக்குத் தாத்தாவே போய் ஜெபம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் ஜனங்கள் பழைய மோட்டாரையே தாத்தாவிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒருநாள் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்:

"என் மாமனார் நல்ல செம்பை உருவிக்கிட்டு அலுமினியத்தைச் சுத்திக் குடுக்கிறாரு. ஆறு வருஷம் அங்க வேலை பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

வெளியாள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வீட்டு மாப்பிள்ளை சொன்னதால் நம்பினார்கள். ஒரு போகத்துக்குள் கடை வாசலில் மோட்டார் வைக்க இடமில்லாமல் இருந்த நிலை மாறி, தாத்தா மட்டும் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷப் பழக்கமான ஒருவர், எங்கள் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

பள்ளிவிட்டு வந்தவள் ஒரு கருங்கல்லை எடுத்தேன். அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று இருந்தேன். தாத்தா கையைப் பிடித்துக் கல்லை வாங்கிக்கொண்டார்.

"கண்ணாடி உடைஞ்சா ஊரு அவன் பக்கம் சேந்துக்கும் பாப்பா. போ, கை கழுவு."

மறுநாள் தன் மேசையைத் தூக்கித் தெருவோரத்தில் போட்டார். அன்றிலிருந்து வந்த ஒன்றிரண்டு மோட்டார்களையும் வெயிலில் உட்கார்ந்து, எல்லோர் கண் முன்னாலும் கட்டினார். போகிறவர் வருகிறவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே மாமா ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பங்கு சாமியார் சமாதானம் பேச வந்தார். "மன்னிச்சிடுறேன் ஃபாதர். கொஞ்சம் நாளாகும்" என்றார் தாத்தா. சாமியார் அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் போனார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தக் கொஞ்சம் நாளில் தாத்தா என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வெண்ணாறு முழுக்க மணல். எல்லோரும் ராப்பகலாக மோட்டாரை ஓட்டினார்கள். மாமா விற்ற புது மோட்டார்கள் எரிய ஆரம்பித்தன. முதல் மோட்டாரைக் கொண்டுவந்தவர் கூச்சத்தோடு நின்றார். தாத்தா அதைப் பிரித்து, கருகிய காயிலை வெளியே இழுத்து, கையில் ஏந்தி இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி எடை பார்த்தார். கத்தியால் ஓரத்தில் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

கறுப்புக்குக் கீழே வெள்ளையாக மின்னியது. செம்பு நிறத்தில் பூச்சு பூசிய அலுமினியம்.

"சொல்லுங்க தாத்தா! இப்பவே அவருகிட்ட சொல்லுங்க!"

"ஒண்ணைக் காட்டினா, கம்பெனியில ஏதோ ஒண்ணு அப்படி வந்துட்டுதும்பான். பொறு."

செம்பில் கட்டிக் கொடுத்தார். பழைய கம்பியை, "இதை மட்டும் கொஞ்ச நாளு நான் வச்சுக்கிறேங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் உள்ளறைக்குப் போய்ச் சாக்கைத் திறந்து பார்ப்பேன். அந்தக் காயில்கள் பெருகப் பெருக எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

பதினொன்று சேர்ந்தது. சந்தை நாள் காலையில் தாத்தா கடை வாசலில் குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, பதினொரு காயில்களையும் வரிசையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் உடையவரின் ஊர்ப் பெயரை எழுதிய அட்டை. கடைசியில் இன்னொன்று. பல வருஷம் முன்பு அவரே கட்டி, இப்போது எரிந்து வந்த காயில். மேசைமேல் ஒரு கத்தியை வைத்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. உட்கார்ந்து வழக்கம்போலக் கம்பி சுற்ற ஆரம்பித்தார்.

முதலில் ஒருவர் வந்து சுரண்டினார். வெள்ளை. இன்னொருவர் கத்தியை வாங்கி வரிசையாகச் சுரண்டிக்கொண்டே போனார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கடைசிக் காயிலைச் சுரண்டினார். சிவப்பு. அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, திரும்பி எதிர்க் கடையைப் பார்த்தார். கூட்டமும் அவரோடு திரும்பியது. மாமா ஷட்டரை இறக்கிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் போதும் என்று அம்மா சொன்னாள். தாத்தாவுக்குப் போதவில்லை. எனக்கும்.

மூன்று வாரம் கழித்து, மாமா தன் ஷோரூமிலிருந்து அவர் அப்பா வயலுக்கே போட்டுக் கொடுத்த மோட்டாரும் எரிந்தது. கதிர் பால் பிடிக்கும் சமயம். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் எல்லாம் பதர்தான். மாமா மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தலையைக் குனிந்தபடி நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க" என்றார் தாத்தா. தெருவைப் பார்த்து ஸ்டூலைப் போட்டார்.

மோட்டாரைப் பிரித்துக் காயிலை மாமா மடியில் வைத்தார். கத்தியை நீட்டினார்.

"நீங்களே சுரண்டிப் பாருங்க."

மாமா சுரண்டினார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா. செம்புன்னு சொல்லித்தான் குடுத்தானுங்க."

"தெரியாமத்தான் வித்தீங்க. ஆனா என்னைப் பத்தித் தெரிஞ்சேதானே பேசினீங்க? வாங்க, ஒரு டீ குடிப்போம்."

இருவரும் டீக்கடைக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். தாத்தா டீயை வாங்கி மாமா கையில் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளை ஏதோ சொல்லணும்ங்கிறாரு" என்றார்.

மாமா முனகினார். "நான் சொன்னது பொய்."

"பின்னாடி உக்காந்திருக்கவருக்குக் கேக்கல மாப்பிள்ளை."

"நான் சொன்னது பொய்ங்க! அவரு ஒரு கம்பிகூட எடுத்ததில்ல!"

மாமா டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். தாத்தா தன் டீயை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு கடைக்கு வந்து, மத்தியானச் சோறு சாப்பிடாமல் அந்த மோட்டாரைக் கட்டி முடித்தார். பொழுது சாய்வதற்குள் தானே கொண்டுபோய் மாட்டி, தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். "பயிரு என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார் அம்மாவிடம்.

ஷோரூமை அந்த வருஷமே மூடினார்கள். மாமா மறுபடி வெளிநாடு போனார், இந்தத் தடவை மஸ்கட். அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏழு கிறிஸ்துமஸ் வந்து போனது. கிறிஸ்துமஸ் காலையில் மட்டும் தாத்தா கடையைத் திறக்காமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாரை எதிர்பார்க்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு தடவை நானே கேட்டேன், செய்ததற்கு வருத்தமா என்று. "மகளுக்காக வருத்தம். செஞ்சதுக்கு இல்ல" என்றார்.

எண்பதாவது வயதில், காய்ச்சலோடு ஒரு மோட்டாரைக் கட்டிக் கொடுத்த மறுவாரம் இறந்துபோனார். அடக்கத்துக்கு அத்தை வந்தாள். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. எல்லோரும் போன பிறகு அத்தை கடைக்குள் வந்து, தாத்தாவின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றாள்.

"அந்த டீக்கடை விஷயத்தை நெனச்சு உன் மாமா இன்னும் அழுவாரு, தெரியுமா?"

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

"காப்பி சாப்பிடுறீங்களா அத்தை?" என்றேன்.

சாப்பிட்டாள். அப்புறம் அவள் மகனுக்கு விசா வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.